பாடச் சொன்னவர்கள்

ஹவாய் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு பெண்ணின் படம்தான் நினைவுக்கு வரும். கழுத்தில் பூமாலை, இடுப்பில் ஓலைப் பாவாடை, முகத்தில் சிரிப்பு. அவளுக்குப் பெயர் இருக்காது. பேச்சும் இருக்காது. கணவரின் வேலைக்காக இரண்டு வருடம் ஹொனலுலுவில் இருந்தபோது அந்தப் படத்தைக் கடைகடையாகப் பார்த்தேன். என்னுடைய விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. வீட்டில் எனக்குத் துணை, உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் ஹவாய்.

அதில் 'நா மேலே' என்றொரு இசை நிகழ்ச்சி. ஹவாய் மொழியில் 'பாடல்கள்' என்று பொருள். வயதில் மூத்த பெண்களை அங்கே எல்லோரும் 'ஆன்ட்டி' என்றுதான் அழைக்கிறார்கள், நம்மைப் போலவே. அப்படி ஊருக்கே ஆன்ட்டியாக இருந்தவர் ஜெனோவா கெயாவே. 2008இல், 89 வயதில் இறந்தார். 12 பிள்ளைகளின் தாய். தன் பெயரிலேயே இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியவர். 'அலிக்கா' பாட்டில் ஒரே ஸ்வரத்தை அவர் இழுத்துக்கொண்டே போகும்போது கேட்கிற நமக்கு மூச்சு முட்டும். ஓலைப் பாவாடைப் படத்தில் இல்லாத பெண் இவர். வயது உண்டு, பெயர் உண்டு, தொழில் உண்டு.

அதே அலைவரிசையில் 'இன்சைட்ஸ்' என்ற நேரலை விவாதமும் வரும். வீட்டு வாடகை, தெருவில் வாழ்பவர்கள், மௌனா கேயா மலையில் தொலைநோக்கி கட்டுவது என்று ஊர்ப் பிரச்சினைகள். அட்டவணையில் ஒன்று இசை, மற்றது பொது விவகாரம். ஆனால் ஹவாய்ப் பாடல்கள் மலையையும் மழையையும் காற்றையும் பெயர் சொல்லி அழைப்பவை. அந்த மலை யாருடையது என்ற கேள்வி பாட்டுக்கு வெளியே இல்லை. 2019 ஜூலையில் மௌனா கேயா சாலையை மறித்துக் கைதான முதியவர்களில் பெண்கள் பலர்.

பாட்டை வைத்துக்கொண்டு பேச்சைத் தள்ளிவிடுவது அங்கே பழைய வழக்கம். 'அலோஹா ஓய்' பாடலை உலகமே முணுமுணுக்கிறது. எழுதியவர் லிலியுஓகலானி, ஹவாயின் கடைசி அரசி. 1893இல் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, வணிகர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து அவரது ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1895இல் அவரது அரண்மனையிலேயே அவரைச் சிறைவைத்தார்கள். 1897இல் அமெரிக்காவுடன் இணைப்பதை எதிர்த்து 21,000க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். பெண்களின் கையெழுத்தைப் பெண்கள் அமைப்பே ஊர் ஊராகத் திரட்டியது. அரசியின் பாட்டு சுற்றுலாவுக்கு வேண்டியிருந்தது, அரசி வேண்டியிருக்கவில்லை.

இது எனக்குத் தெரிந்த கதைதான். பெண் பார்க்க வந்தவர்கள் என்னைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். நகைக் கணக்குப் பேச ஆரம்பித்ததும் "நீ உள்ளே போம்மா" என்றார்கள். பேசப்பட்டது என் வாழ்க்கை.

உள்ளே போக மறுத்தவர் ஹௌனானி-கே ட்ராஸ்க். பூர்வகுடிப் பேராசிரியர், கவிஞர். ஹூலா நடனத்தையும் ஹவாய்ப் பெண்ணின் உடலையும் சுற்றுலாத் தொழில் எப்படி விற்கிறது என்று 1993இல் வெளிவந்த 'ஃப்ரம் எ நேட்டிவ் டாட்டர்' நூலில் எழுதினார். பொதுமக்களே நிகழ்ச்சி தயாரிக்கக்கூடிய சமூக அலைவரிசையில் 'ஃபர்ஸ்ட் ஃப்ரைடே' என்று மாதாமாதம் அரசியல் பேசினார். கோபக்காரி என்ற பெயர் வாங்கினார். 2021இல் இறக்கும்வரை அந்தப் பெயருக்காக வருத்தம் தெரிவிக்கவில்லை.

சொந்த ஊருக்கென்று ஒரு தொலைக்காட்சி இருப்பதன் அருமை அங்கேதான் புரிந்தது. ஆனால் ஒரு பண்பாட்டைக் கொண்டாடுகிறோம் என்று யார் சொன்னாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு: பாடி முடித்த பெண்ணிடம் அடுத்து என்ன கேட்கிறீர்கள்? பிபிஎஸ் ஹவாயில் 2011 முதல் 'ஹிக்கி நோ' என்று பள்ளி மாணவர்களே செய்தி தயாரிக்கும் நிகழ்ச்சி ஒன்று வருகிறது. சீருடையில் சிறுமிகள் மைக்கோடு நின்று தங்கள் ஊரைப் பற்றிச் சொல்கிறார்கள். அவர்களை யாரும் பாடச் சொல்லவில்லை.