கடம்பாவின் ஷிப்டுகள்

இருங்காட்டுக்கோட்டையில் கடல் இல்லை. ஏரிகள், சிப்காட் மதில்கள், பெங்களூரு நெடுஞ்சாலை, இவ்வளவுதான். ஆனாலும் இங்கே கணவாய்க்குப் பஞ்சமில்லை. 1998-ல் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன, கொரியர்கள் வந்தார்கள், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமெங்கும் அவர்களுக்கான உணவகங்கள் வந்தன. மிளகாய் விழுதில் வதக்கிய கணவாய் அவர்களுக்கு அன்றாட உணவு. இப்போது நம் பிள்ளைகளும் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

எங்கள் தெருவுக்குக் காசிமேட்டு மீன் கொண்டுவரும் அக்கா கணவாயைக் கடம்பா என்பார். ராமநாதபுரம் பக்கம் அதுவே ஊசிக்கணவாய்.

"சின்னதா எடுத்துக்க தம்பி, சீக்கிரம் வெந்துடும்."

"பெருசுன்னா வயசானதாக்கா?"

"அதோட வயசு யாருக்குத் தெரியும்?"

அந்த வயசைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கணவாயின் தலைக்குள் உடம்பைச் சமநிலையில் வைத்துக்கொள்ள உதவும் ஒரு ஜோடிச் சுண்ணாம்புக் கற்கள் உண்டு, மணலை விடச் சற்றுப் பெரியவை. அவற்றில் நாளுக்கு ஒரு வளையம் படிகிறது. கல்லைத் தேய்த்து மெல்லிசாக்கி, நுண்ணோக்கியில் வளையங்களை எண்ணினால் பிறந்து எத்தனை நாள் என்று சொல்லிவிடலாம். முன்பு நீளத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டவர்கள் இரண்டு வருடம், அதற்கு மேலும் வாழும் என்றார்கள். வளையங்களை எண்ணியபோது அந்தக் கணக்கு சரிந்தது. நம் கரையோரக் கணவாய்க்கு ஆயுள் ஒரு வருடம்கூட இல்லை. வெப்பக் கடல்களில் பல இனங்கள் ஆறேழு மாதத்திலேயே பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு, மடிந்துவிடுகின்றன.

அக்காவின் கூடையில் ஒரு சாண் நீளத்தில் கிடப்பதும் விரல் நீளத்தில் கிடப்பதும் ஒரே வயதாக இருக்கலாம். நம் கடம்பாவில் ஆண் பெண்ணை விட நீளமாக வளரும். பிறந்த மாதமும் பெரிய வேறுபாட்டைக் கொண்டுவருகிறது. குஞ்சுப் பருவத்தில் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்து இரையும் கிடைத்துவிட்டால், சில வாரம் பிந்திப் பிறந்தது முந்திப் பிறந்ததைத் தாண்டி வளர்ந்துவிடும். மீனை அளக்கும் அளவுகோலால் இதை அளக்க முடியாது என்பதை ஆய்வாளர்கள் மெதுவாகத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

என்னை மிகவும் பாதித்தது அதன் தாய்மை. விரல் போன்ற கூழ் உறைகளில் முட்டைகளைக் கடலடியில் ஒட்டிவைத்துவிட்டு, சீக்கிரமே தாய் இறந்துவிடுகிறது. சில வாரங்களில் வெளிவரும் குஞ்சு சில மில்லிமீட்டர்தான், ஆனால் முழுக் கணவாயின் உருவம். அன்றே வேட்டையாடக் கிளம்பவேண்டும். இங்கே ஆலைகளில் ஏ ஷிப்டு முடிந்து பி ஷிப்டு வரும்போது பத்து நிமிடமாவது பேச்சு நடக்கும். எந்த மெஷின் மக்கர் செய்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கடம்பாவுக்கு அந்தப் பத்து நிமிடம் இல்லை. தாய் போன பிறகே குஞ்சு கண் திறக்கிறது. ஒரு வருடத்தில் வெவ்வேறு மாதங்களில் பிறந்த பல கூட்டங்கள் ஒன்றின் பின் ஒன்றாக வருகின்றன. நம் கடல்களில் இது ஆண்டு முழுவதும் முட்டையிடுகிறது. எந்த மாதம் அதிகம் என்பது கரைக்குக் கரை மாறும்.

கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபாடு இருப்பதை முதலில் கண்டவர்கள் பெரும்பாலும் வலை போட்டவர்களே.  பாக் விரிகுடாவில் கிடைக்கும் இன்னொரு வகைக் கணவாயின் உறவினம் ஜப்பானின் ஒகினாவாவிலும் உண்டு. அங்குள்ள மீனவர்கள் அதை வெள்ளை, சிவப்பு, சிறியது என்று மூன்றாகப் பிரித்தே பேசிவந்தார்கள். 1990-களில் புரதங்களைச் சோதித்த விஞ்ஞானிகள் அவை உண்மையிலேயே தனித்தனி இனங்கள் என்றார்கள். பின்னால் மரபணுவும் அதையே சொன்னது. நம் கரைகளில் கணவாய் பிடிப்பவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யவேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொரியாவுக்கு நடந்ததைப் பாருங்கள். அவர்கள் காலங்காலமாகச் சாப்பிடும் கணவாய்க்கும் ஆயுள் ஒரே வருடம்தான். இலையுதிர் காலத்தில் பிறக்கும் கூட்டம், குளிர்காலத்தில் பிறக்கும் கூட்டம் என்று அதற்கும் பிரிவுகள் உண்டு. 1990-களின் நடுவில் ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 2023-ல் 25 ஆயிரம் டன்கூட இல்லை. கடல் சூடாகிறது, கூட்டங்கள் இடம் மாறுகின்றன, பிடிப்பும் அளவு மீறியது. பல வருடம் வாழும் மீனென்றால் போன வருடத்து மிச்சம் கொஞ்சம் கடலில் இருக்கும். கணவாய்க்குச் சேமிப்பு என்று எதுவும் இல்லை.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நல்ல ஏற்பாடு, அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஜூலையில் பிறக்கும் கடம்பாவை நினைத்துப் பாருங்கள். அது ஆறேழு மாதத்தில் வளர்ந்து முட்டையிட்டு மடிந்தால், அதற்குள் அடுத்த தடைக்காலம் வந்திருக்காது. அதன் ஆயுளில் ஒரு நாள்கூடத் தடை இருக்காது. தடைக்காலம் சில கூட்டங்களைக் காக்கிறது, சிலவற்றை எட்டுவதே இல்லை. ஆகவே நாள்காட்டியோடு அளவும் பார்க்கவேண்டும். கேரளத்தில் இந்தக் கணவாய்க்குக் குறைந்தபட்ச அளவு 8 சென்டிமீட்டர் என்று வைத்தார்கள். தலையும் கைகளும் நீங்கலாக, உடல் கூட்டின் நீளம் அது.

சீக்கிரம் வேகும் என்பதற்காகப் பொடிக் கடம்பாவை வாங்குவதை நான் விட்டுவிட்டேன். இந்த வட்டாரத்தில் கணவாய் வாங்கும் குடும்பங்களையும், உணவகக்காரர்களையும், ஆலை கேன்டீன் நடத்துபவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: கூடு 8 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வாங்காதீர்கள். வாங்க ஆள் இல்லையென்றால் அதற்கென்று யாரும் வலையின் கண்ணைச் சிறிதாக்க மாட்டார்கள்.