பாட்டு நின்றால் நாமும் நிறுத்த வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சோலார் போட்டவர்களும் போட நினைப்பவர்களும் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

போன கோடையில் எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் போக, மீதி என் சேமிப்பு. மறு மாதமே, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. சிறுமலைப் பக்கம் ஒரு பொட்டு மேகம் இல்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். ஆனால் எங்கள் வீட்டில் ஃபேன் ஓடவில்லை. "இவ்வளவு பணத்தைப் போட்டது விசிறிக்கொண்டு உட்காரவா?" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் ஆத்திரம்தான்.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வழி சொன்னார். "பழைய யூ.பி.எஸ்.ஸை இதோடு சேர்த்துவிட்டால், லைனில் கரண்ட் இருப்பதாகச் சோலார் பெட்டி நம்பிவிடும் டீச்சர். அது பாட்டுக்கு ஓடும்." நானும் சரி என்றேன்.

அன்று மாலை என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். ஐந்தாம் வகுப்பு என்னிடம் படித்தவன், இப்போது லைன்மேன். காபி குடித்தபடி நான் சொன்னதைக் கேட்டவன், ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மடித்துக் காட்டினான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தீக்காயத் தழும்பு. "லைனை ஆஃப் பண்ணிட்டுத்தான் டீச்சர் கம்பத்தில் ஏறினேன். ஒரு கல்யாண வீட்டில் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை மாட்டியிருந்தார்கள்" என்றான்.

டிரான்ஸ்பார்மர் ஒருவழிப் பாதை இல்லையாம். வீட்டுப் பக்கமிருந்து 230 வோல்ட் திரும்பிப் போனால், அந்தப் பக்கம் அது பல ஆயிரம் வோல்ட்டாக ஏறிவிடும். நான் கேட்டிருந்த வசதி, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிருக்கு உலையாகியிருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்குப் புரிந்ததை வகுப்பறைப் பாணியில் சொல்கிறேன். பிரார்த்தனைக்குத் தாமதமாக வரும் பிள்ளை என்ன செய்யும்? பாட்டு எந்த அடியில் போகிறது என்று கேட்டு, அந்தச் சுருதியில் சேர்ந்துகொள்ளும். சோலார் இன்வெர்ட்டரும் அப்படித்தான். தகட்டிலிருந்து வருவது நேர் மின்சாரம். கம்பியில் ஓடுவது விநாடிக்கு 50 அலையாக வரும் மாறு மின்சாரம். உள்ளிருக்கும் மின்னணு ஸ்விட்சுகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, நேர் மின்சாரத்தைக் கம்பியின் அலைக்கு ஒத்ததாக மாற்றுகின்றன. கம்பியில் பாட்டு நின்றால், அதிகபட்சம் 2 விநாடிக்குள் அதுவும் நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. பாட்டு திரும்பத் தொடங்கினாலும் உடனே சேராது. ஒழுங்காக வருகிறதா என்று சற்று நேரம் கவனித்த பிறகே சேரும்.

இதே வித்தையின் பெரிய வடிவம் புகளூரில் இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கு மேல் நேர் மின்சாரமாக வருவதை அங்கே மாறு மின்சாரமாக்குகிறார்கள். 6,000 மெகாவாட் கொண்டுவரும் பாதை அது. காற்று சீசனில் நம் காற்றாலை மின்சாரம் மிஞ்சினால், அதே பாதையில் வடக்கே அனுப்பவும் முடியும். அவ்வளவு பெரிய நிலையமானாலும் நம் வீட்டுப் பெட்டியானாலும், ஊரோடு சேரவும் தெரிய வேண்டும், விலகவும் தெரிய வேண்டும்.

எலக்ட்ரீஷியனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கும் டீச்சரின் வீட்டுப்பாடம் இதுதான். சோலார் பெட்டியை ஏமாற்றும் எந்த இணைப்பும் கொடுக்காதீர்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தால் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கரண்ட் போகும்போதும் சோலார் ஓட வேண்டும் என்றால், பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரை முறையாகப் போடுங்கள். அது முதலில் வீட்டைத் தெரு லைனிலிருந்து பிரித்துவிட்டுத்தான் வேலை செய்யும். செலவு கூடத்தான்.

இப்போதும் பராமரிப்பு நாளில் எங்கள் வீட்டில் ஃபேன் ஓடுவதில்லை. விசிறியை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிடுவேன். தெருமுனைக் கம்பத்தில் யாரோ ஒரு பிள்ளை ஏறி நிற்பான். அவன் இறங்கும்வரை புழுக்கம் பெரிதாகத் தெரிவதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காந்திகிராமம்