சோயபுரத்துக்கு ஒரு டிக்கெட்!

மீன்சுருட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே என் மகள் கேட்டாள்: “மீனை எதுக்குப்பா சுருட்டணும்?”

மூன்றாவது படிக்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் பி.காம். சிலபஸில் இதெல்லாம் இல்லையே! டீக்கடைக்காரர்தான் காப்பாற்றினார். “பாண்டியனோட மீன் கொடியைச் சோழன் சுருட்டினானாம் பாப்பா. பெரியவங்க சொல்லுவாங்க” என்றார். கல்வெட்டு ஆதாரம் கேட்கும் நிலையில் நான் இல்லை. ராத்திரி பூரா பஸ் பயணம், டீ வேறு நன்றாக இருந்தது.

சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற ரோட்டில், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது மீன்சுருட்டி. கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கப் போகிறவர்கள் இங்கே இறங்கி, ஜெயங்கொண்டம் பஸ் பிடிக்கலாம். நாங்கள் மூன்று பேர். நான், மகள், எழுபதைத் தாண்டிய என் அப்பா.

அப்பா டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டுக் கேட்டார்: “சோயபுரத்துக்கு பஸ் எப்போ வரும்பா?”

மகள் களுக்கென்று சிரித்தாள். “சோயபுரம் இல்ல தாத்தா, சோழபுரம்! ழ... ழ! நாக்கைச் சுருட்டிச் சொல்லு பார்ப்போம்.”

அப்பா முயற்சி செய்தார். “சோ... சோய...”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரிப்பை பேப்பருக்குள் மறைத்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை.

குழந்தையைக் கோபிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஏனென்றால் அவளுக்கு வாத்தியார் நான்தான்.

இருபத்து மூன்று வயதில் ஒரு விளம்பரக் கம்பெனிக்குக் குரல் கொடுக்கப் போனேன். மைக் முன்னால் நிற்கவைத்து, ஒரு பேப்பரைக் கையில் கொடுத்தார்கள். படித்தேன். “வாயைப்பயம்” என்று நான் சொன்னதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் “நெக்ஸ்ட்” என்றார். அன்றைக்கு ஆரம்பித்த வெறி. ஒரு வருஷம் கண்ணாடி முன்னால் நின்று நாக்கைச் சுருட்டினேன். ‘ழ’ வந்தது. கூடவே, வீட்டில் யார் ‘ய’ சொன்னாலும் திருத்துகிற வியாதியும் வந்தது. அம்மா, அத்தை, எதிர்வீட்டுக்காரர்... யாரையும் விட்டுவைக்கவில்லை. மகள் அதைத்தான் பார்த்து வளர்ந்தாள்.

அந்த வெறியில் கொஞ்சம் மொழியியலும் படித்துத் தொலைத்தேன். படித்தவற்றில் பாதி, எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிற்று!

‘ழ’ ஒரு விசித்திரமான ஒலி. நாக்கு நுனி மேலே சுருண்டு போகும். ஆனால் அண்ணத்தில் அழுந்தாமல் நின்றுவிடும். ‘ட’ மாதிரி அழுத்தவும் கூடாது, சும்மாவும் கிடக்கக் கூடாது. தொல்காப்பியர் பிறப்பியலில் ‘ர’வையும் ‘ழ’வையும் ஒரே இடத்தில் சேர்த்து, இரண்டுமே நாக்கு நுனி அண்ணத்தை வருடிப் பிறப்பவை என்கிறார். ஆகவே, சோழமண்டலத்தை ‘கோரமண்டல்’ ஆக்கிய வெள்ளைக்காரன் ஒன்றும் செவிடன் இல்லை. அவன் காதில் ‘ர’ விழுந்தது, அவ்வளவுதான். அந்தப் பெயரில் ரயிலே ஓடுகிறது. யாரும் சிரிக்கவில்லை.

கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் கோழி. கன்னடத்தில் கோளி. தெலுங்கில் கோடி. ஏழு? மலையாளத்தில் ஏழு, கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. தெலுங்குக்காரருக்கு நாக்கு வரவில்லை என்று யாராவது சொல்கிறோமா? அது ஒரு மொழி, கௌரவமாகப் போய்விட்டது. அதே கோழியைச் சென்னையில் ‘கோயி’ என்றால் மட்டும் கிண்டல்!

கோழியிலிருந்து முட்டைக்கு வருவோம். மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் தலைநகரை வைத்துக்கொண்டு, 1025-ல் கடல் தாண்டிக் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பினான் ராஜேந்திரன். இன்றைய மலேசியாவின் கெடா. அங்கே மலாய் மொழியில் முட்டைக்கு ‘தெலுர்’. இன்னும் கிழக்கே பிலிப்பைன்ஸில், தகலாக் மொழியில் ‘இத்லோக்’. அதே நாட்டில் லூசோன் தீவின் மேற்குக் கரையில், சம்பால் என்று ஒரு மொழி இருக்கிறது (மிளகாய்ச் சம்பால் இல்லை சார், இது வேறு!). அதில் முட்டை ‘இத்லோய்’. ஜோகூர் பாருவில் வருகிற ‘பாரு’ என்றால் மலாயில் புதுசு. தகலாக்கில் ‘பாகோ’. சம்பாலில் ‘பாயோ’. மூலமொழியில் இருந்த ஒரே ஒலி, ஒரு ஊரில் ‘ர’, ஒரு ஊரில் ‘க’, சம்பால்காரர் வாயில் ‘ய’. எந்த மொழியியல் புத்தகமும் அவர்களை “நெக்ஸ்ட்” என்று வெளியே அனுப்பவில்லை. ஒரு சொல்லில் மட்டும் நடந்திருந்தால் வாய் தவறியது எனலாம். சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி நடந்தால், அதற்கு ஒலி மாற்றம் என்று மரியாதையான பெயர்.

அப்பா கணக்கும் அதேதான். பழம் பயம், மழை மய, கோழி கோயி. ஒரு தடவைகூடப் பிசகாது. பள்ளத்தை அவர் பள்ளம் என்றேதான் சொல்வார். தெற்கே ‘ழ’வை ‘ள’ ஆக்குகிறவர்களுக்குக் கிழியும் கிளியும் ஒன்று. அப்பாவுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. பயத்துக்கும் பழத்துக்கும்தான் தகராறு.

இவ்வளவும் தெரிந்தவன், அந்த டீக்கடையில் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்தது. கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் குரல் கொடுத்தார்: “சோளபுரம்லாம் எறங்கு!” மகள் என்னைப் பார்த்தாள். “இவரும் தப்பாப்பா?”

“தப்பில்லம்மா. அவர் ஊர்ல அப்படி.”

“அப்ப தாத்தா?”

“தாத்தா ஊர்ல அப்படி.”

“அப்ப நீ ஏன் பாட்டியைத் திட்டுவே?”

படி இறங்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தேன்.

கோயிலின் வடக்கு வாசல் பக்கம் ஒரு சிற்பம். சிவன் உட்கார்ந்தபடி, காலடியில் இருக்கும் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார். எத்தனையோ போட்டோவில் பார்த்ததுதான். நேரில் அந்தக் கை அசைகிற மாதிரியே இருக்கிறது.

“யாருப்பா இது?” என்றாள் மகள்.

எனக்குக் கதை தெரியும். சாமிக்கு வைத்திருந்த பால் குடத்தை உதைத்த அப்பாவின் காலை வெட்டிய பிள்ளை. அந்த இடத்தில், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“தாத்தாவைக் கேளு” என்றேன்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“சோய நாட்டுல ஒரு கொயந்த இருந்துச்சு...”

மகள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்புறம் தாத்தா?”