மன்னார் கரண்ட் பில், இலண்டன் காசு

மன்னார்த் தீவின் பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ உள்ள வீட்டுக்கு வரும் மின்பட்டியலை இப்போது அந்த வீட்டார் மட்டும் பார்ப்பதில்லை. அது படமாகி வாட்ஸ்அப்பில் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் வருகிறது. இங்கிருந்து காசு போகிறது. அம்மா இருட்டில் இருக்கக் கூடாது என்ற பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘இந்தத் தொகை சரியா?’ என்று ஊரில் எழ வேண்டிய கேள்வியை அந்தப் பாசமே வாயடைத்து வைத்திருக்கிறது. பவுண்ஸில் மாற்றிப் பார்த்தால் எந்தப் பில்லும் சின்னதுதான். சின்னதை யார் இருந்து சரிபார்க்கிறார்கள்?

இங்கே நாங்கள் இப்படி இருப்பதில்லை. பிரித்தானியாவில் 2018 மே மாதம் முதல் ஒரு விதி உண்டு: தன் தவறால் பில் போடாமல் விட்ட கம்பனி, 12 மாதத்துக்கு முந்திய பாவனைக்கு வீட்டுக்காரரிடம் காசு கேட்க முடியாது. முறைப்பாடு எட்டு வாரத்தில் தீராவிட்டால் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம் செலவில்லாமல் போகலாம். அவருடைய முடிவைப் பாவனையாளர் ஏற்றால் கம்பனி அதற்குக் கட்டுப்பட வேண்டும். அதற்காக இது தர்மபூமி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு யூனிற் எரிக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் தகராறு வந்தால் தவணை கம்பனியையும் நெருக்குகிறது. ஊரில் தவணை சிவப்பு நோட்டீஸாக வந்து பாவனையாளரை மட்டும் நெருக்குகிறது.

ஊரில் சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்கட்டணத்தைத் தீர்மானிக்கிறது; மின்சாரம் வழங்குபவரிடம் தீராத முறைப்பாடுகளையும் கேட்கிறது. மற்றப் பொருட்களுக்கும் சேவைகளுக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் 1977. கதவுகள் உண்டு, தட்டுவோர்தான் குறைவு.

தட்டினால் திறக்குமா என்பவர்களுக்குக் கணக்கைக் காட்டலாம். மாதம் 30 அலகு பாவிக்கும் ஏழை வீட்டுக்கு 2022 ஓகஸ்டுக்கு முன்னர் அலகுக்கு 2.50 ரூபாய், நிலையான கட்டணம் 30 ரூபாய். மொத்தம் 105 ரூபாய். 2023 பெப்ரவரியில் அதே 30 அலகுக்கு 1,300 ரூபாய். பலத்த எதிர்ப்புக்குப் பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் அது 450 ரூபாயாக இறங்கியது. 2024 டிசம்பரில் கட்டணத்தை மாற்றத் தேவையில்லை என்றது இலங்கை மின்சார சபை. ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டது; 2025 ஜனவரி 17 முதல் சராசரியாக 20 வீதம் குறைத்தது. ஜூனில் 15 வீதம் ஏறியது உண்மைதான். ஆனால் ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 வீத அதிகரிப்பை ஆணைக்குழு மறுத்துவிட்டது. விலை கல்லில் வெட்டியதல்ல, கேட்டால் அசைகிறது.

‘மின்சாரம் தருபவர்களுக்கே நட்டம், நாட்டுக்காகக் கட்டினால் என்ன?’ என்று கேட்கலாம். கட்டண வீதம் வேறு, பிழையான பில் வேறு. மீற்றரை வாசிக்காமல் மதிப்பிட்டுப் போட்ட தொகை நாட்டின் கடனை அடைக்காது. அது ஒரு வீட்டின் அரிசிக் காசு. நாட்டுக்கான பங்கைப் பற்றிப் பேசினால் மன்னார்த் தீவு குனிந்து நிற்க வேண்டியதும் இல்லை. 103.5 மெகாவாட் கொண்ட தம்பபவனி காற்றுமின் நிலையத்தின் 30 காற்றாலைகளும் அதன் தென்கரையில்தான் சுழல்கின்றன. அந்த மின்சாரம் தேசிய வலையமைப்புக்குப் போகிறது; காற்றாலை தெரியும் வீட்டுக்கும் கொழும்பு வீட்டுக்கும் ஒரே கட்டண அட்டவணை.

‘எதிர்த்தால் கரண்டை வெட்டிப்போடுவார்கள், வயதானவர்கள் எங்கே அலைவது?’ என்பதுதான் கனமான மறுப்பு. அந்தப் பயம் பொய்யல்ல. போர்க்காலம் பார்த்த கரையோர மக்களுக்கு அலுவலகப் படி ஏறுவதே ஒரு பயம். ஆனால் புலம்பெயர்ந்தவர் உதவக்கூடிய இடமும் அதுதான். ஒரு கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம்; தமிழ் அரசகரும மொழி, அதில் எழுதுவது சலுகை கேட்பதல்ல. சர்ச்சையில்லாத பகுதியைக் கட்டிவிட்டு மிச்சத்தை எழுத்தில் கேட்கலாம். கடிதத்தின் பிரதியில் திகதியும் ஒப்பமும் வாங்கச் சொல்லலாம். பதில் திருப்தி தராவிட்டால் அதே பிரதியோடு ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

அடுத்த மாதம் பில்லின் படம் வரும்போது மீற்றரின் படத்தையும் கேளுங்கள். அதிலுள்ள இலக்கம் பில்லில் உள்ள வாசிப்போடு ஒத்துவருகிறதா, இரண்டு வாசிப்புக்கும் இடையில் எத்தனை நாள் என்று பாருங்கள். காசை அதற்குப் பிறகு அனுப்புங்கள்.