கறையின் காரணம்

கட்டடங்களின் கணினிச் சித்திரங்களில் சுவர் புத்தம் புதிதாக இருந்தால் கண் நம்புவதில்லை. எனவே வரைவோர் மூலைகளில் தூசும் விளிம்புகளில் தேய்மானமும் சேர்க்கின்றனர். கறையோ காரணத்தோடு படிகிறது: மழைநீர் வழியும் தடத்தில் கருமை இறங்கும், கால்கள் மிதிக்கும் படியின் நடுப்பகுதி தேயும்.

திருப்பதியை அடுத்த, அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருக்காளத்தியில், 1516இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய இராஜகோபுரம் 2010 மே 26 அன்று சரிந்தது. அதற்கு முன்பே அதன் உடலில் விரிசல்கள் தென்பட்டிருந்தன. இன்று அவ்விடத்தில் புதிய கோபுரம் நிற்கிறது. பழைய கோபுரத்தைக் கணினியில் மீட்டெழுப்புவோர், புகைப்படங்கள் காட்டும் இடத்திலேயே விரிசலை வரைதல் வேண்டும். அழகு கருதி இடம் மாற்றினால், கோபுரம் ஏன் சரிந்தது என்று பின்னாளில் ஆராய்பவர் அப்படத்தையே சான்றாகக் கொண்டுவிடக்கூடும்.