வீரனும் குழுவும்

விளையாட்டில் பெருவீரன் ஒருவன் தோன்றிவிட்டால் மக்கள் அவனைப் போற்றத் தொடங்குவர். போற்றுதல் முற்றினால் வழிபாடாகும். வழிபாடு புகுந்த இடத்தில் சிந்தனைக்கு வேலை இராது. எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று மற்றவர் கைகட்டி நிற்பர். அவன் காலில் அடிபட்டால், அல்லது அவன் ஊரைவிட்டுப் போனால், குழு என்னாகும் என்று கேட்பார் இரார். அக்கேள்வியைக் கேட்கவே நாம் இதனை எழுதப் புகுந்தோம்.

கேட்கக் காரணமும் உண்டு. உலு யாம் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நாம் கிராணி வேலை பார்க்கின்றோம். தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் வரவு செலவும் நம் கையில்தான். அக்குழுவில் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் இருக்கின்றான். பந்து அவன் காலில் பட்டால் திடலோரத்துக் கிழவியரும் எழுந்து நிற்பர். வேறு குழுவினர் அவனை அழைத்துக்கொள்ளாதபடி உள்ள பணத்தையெல்லாம் அவனுக்கே மாதப்படியாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது பெரும்பாலோர் கட்சி. கோல் காவலனுக்கு நல்ல கையுறை இல்லை. சிறுவர்க்குப் பயிற்சியளிப்பாரும் இல்லை. இவற்றைச் சொன்னால் பொறாமை என்கின்றனர்.

நம் மாநிலத்தின் வரலாறே இதற்கு விடை பகரும். 1953இல் செத்தாபாக்கில் பிறந்த மொக்தார் டஹாரியை அறியாதார் சிலாங்கூரில் உளரோ? நாட்டுக்காக 89 கோல்கள் அடித்தவர் அவர். 1972 முதல் 1986 வரை பதினைந்து ஆண்டுகளில் சிலாங்கூர் 10 முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. அவ்வளவும் அவர் ஒருவர் காலால் வந்ததெனல் பொருந்துமோ? ‘ஸ்பைடர்மேன்’ எனப் பெயர் பெற்ற ஆர். ஆறுமுகம் கோலைக் காத்தார், சந்தோக் சிங் தற்காப்பைத் தாங்கினார், கே. ராஜகோபால் உடன்நின்று தாக்கினார். மொக்தார் வருமுன்னரே, 1971இல், அக்கிண்ணம் சிலாங்கூரிடம் இருந்தது. நன்கு அமைந்திருந்த குழுவில் அவர் வந்து சேர்ந்தார் என்பதே உண்மை. 1986க்குப் பின் அடுத்த கிண்ணத்துக்கு 1995 வரை காத்திருக்க நேர்ந்ததையும் மறத்தலாகாது. ஒரு தலைமுறை ஓய்ந்தால் அடுத்தது தானாக முளைத்துவிடுவதில்லை.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தை நோக்குவோம். அங்குக் களத்தில் நிற்போர் பக்கத்துக்கு ஐவரே. ஆதலின் ஒருவனுடைய ஆற்றல் இன்னும் பெரிதாகத் தோன்றும். 1997இல் புதியவர் தேர்வில் முதலாமவரான டிம் டங்கனைச் சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் குழு பெற்றது. பெற்றதோடு அமையாது, 1999இல் 57ஆவது இடத்தில் அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலியையும், 2001இல் 28ஆவது இடத்தில் பிரான்சின் டோனி பார்க்கரையும் தேர்ந்தெடுத்தது. பிறர் பொருட்படுத்தாதவர்களை அது தேடி எடுத்து வளர்த்தது. அங்கு ஒவ்வொரு குழுவின் மொத்தச் சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. 2012இல் டங்கன் தம் சம்பளம் பாதிக்கும் கீழாகக் குறைய உடன்பட்டார். மற்ற நல்லவர்களை வைத்துக்கொள்ள அதனால் வழி பிறந்தது. 1999, 2003, 2005, 2007, 2014 என ஐந்து முறை அக்குழு வாகை சூடியது.

தோட்டத்தில் வாழும் நமக்கு இஃது எளிதில் விளங்க வேண்டும். செம்பனை நட்ட மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். இருபத்தைந்து ஆண்டளவில் மறுநடவு வேண்டும். அறிவுள்ள நிர்வாகம் தோட்டம் முழுவதும் முதுமையடையும்வரை காத்திராது. பகுதி பகுதியாக நட்டு வரும். மரத்துக்குச் செய்வதை மைந்தர்க்குச் செய்யலாகாதா?

ஆதலின் நாம் கூறுவது இதுவே: பணத்தை மூன்று பங்காக்குக. ஒன்று அவ்விளைஞனுக்கு, அவன் உழைப்புக்கு அது தகும். ஒன்று கோல் காவலனுக்கும் மற்ற ஆட்டக்காரர்க்கும். ஒன்று பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவரின் ஞாயிறு பயிற்சிக்கு. அவ்விளைஞனுக்கும் இதனால் நன்மையே. ஒரு தோட்டத்தின் ஆசை முழுவதையும் ஒரு முழங்கால் எத்தனை நாள் தாங்கும்? அவன் நாளை வேறிடம் போனாலும் போகட்டும், வாழ்த்தி அனுப்புவோம். அடுத்த ஞாயிறும் நம் திடலில் பதினொருவர் நிற்க வேண்டும்.