கப்பல் டின்னருக்குச் சேலையா, கவுனா? கோட்டைக்குப்பம் வரை ஒரு நடை போய் வாருங்கள்!

சென்னைத் துறைமுகத்திலிருந்து விசாகப்பட்டினம் கிளம்பும் சொகுசுக் கப்பல், வடக்கே திரும்பிக் கொஞ்ச நேரத்தில் பழவேற்காட்டுக் கடலைத் தாண்டிப் போகும். அந்த நேரத்தில் கப்பலில் உள்ள பெண்களில் பாதிப் பேர் கேபினில் சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே யோசனையில் இருப்பார்கள். ராத்திரி டின்னருக்கு எதைக் கட்டுவது?

2022 ஜூன் 4-ம் தேதி முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பலைச் சென்னையில் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே நிறுவனத்தின் இலங்கைப் பயணமும் தொடங்கியது. அதன் பிறகு, கப்பல் பயணம் என்பது ஏதோ சினிமாக்காரர்கள் சமாசாரம் என்ற நிலை மாறி, நம் வீட்டு வாட்ஸ்அப் குழுக்களுக்குள் வந்துவிட்டது. கூடவே வாக்குவாதமும் வந்தது. அண்ணி பட்டுப்புடவை என்பார். காலேஜ் போகும் மகள் கவுன் என்பாள். பாட்டி, "நான் எப்பவும் கட்டுறதைத்தான் கட்டுவேன்" என்று முடித்துக்கொள்வார். யாரும் கேட்காமலே மாமா ஒரு கருத்துச் சொல்வார். அந்த மாமாவுக்கு மட்டும் காலர் வைத்த ஒரு சட்டை, ஒரு பேன்ட், விஷயம் முடிந்தது!

இந்தக் குழப்பத்தோடு போய்ப் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது. கோட்டைக்குப்பம்.

சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் பிடித்தால் போதும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் கரையில் இருக்கும் மீனவக் குப்பங்களில் ஒன்று இது. பெயரில் இருக்கும் கோட்டை, டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை. இன்றைக்குப் போனால் கோட்டையென்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, புதரும் மேடும்தான். பக்கத்திலுள்ள டச்சுக் கல்லறையைப் பார்க்காமல் வரக் கூடாது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். குழந்தைகள் முதலில் பயந்து, பிறகு அதன் பக்கத்திலேயே நின்று செல்ஃபி எடுக்கும்.

டச்சுக்காரர்கள் இங்கே வந்தது மீனுக்காக இல்லை, துணிக்காக. ஜாதிக்காயும் கிராம்பும் விளையும் தீவுகளில் அவர்கள் கொண்டுபோன வெள்ளியைவிட, சோழமண்டலக் கரையின் துணிக்குத்தான் மவுசு அதிகம். இங்கே துணி வாங்கு, அங்கே கொடுத்து மசாலா வாங்கு என்பதுதான் கணக்கு. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை அவர்களுடைய சோழமண்டல வியாபாரத்துக்குத் தலைமையிடம் பழவேற்காடுதான். ஐரோப்பியர் வாயில் ஊரின் பெயர் 'புலிகாட்' ஆனது. மலாய்க்காரர்கள் வாயில் 'பெலிகாட்' ஆனது. மலேசியாவில் இன்றும் ஆண்கள் வீட்டிலும் பள்ளிவாசலிலும் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். அங்கே உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பழவேற்காடு என்றால் தெரியாது. பெலிகாட் என்றால் அலமாரியில் நாலு இருக்கும்.

கதை அதோடு நிற்கவில்லை. சென்னைப் பக்கத்துக் கட்டத் துணி கரீபியன் தீவுகள் வரை போனது. மார்ட்டினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில் பெண்களின் பாரம்பரிய உடையில் அந்தக் கட்டத் துணிக்கு இன்றும் முக்கிய இடம் உண்டு. அதன் பெயரே அங்கே 'மெட்ராஸ்'. பாவாடையாகவும் தலைக்கட்டாகவும் உடுத்திப் பண்டிகைக்கு வருகிறார்கள். உலகிலேயே சொகுசுக் கப்பல்கள் அதிகம் சுற்றும் கடலும் கரீபியன்தான். ஆக, நம் ஊர்க் கட்டம் அந்தத் துறைமுகங்களில் ஏற்கெனவே விருந்து உடை. நாம்தான் கப்பல் ஏறும்போது "இது சரியா இருக்குமா?" என்று கூசுகிறோம்.

கூச்சத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2021-ல் தில்லி உணவகம் ஒன்றில் புடவை கட்டி வந்த பெண்ணிடம், "புடவை ஸ்மார்ட் கேஷுவல் இல்லை" என்று சொன்னதாக வெளியான வீடியோ நாடு முழுக்கச் சண்டையானது. அதற்கு முன்பே, 2014-ல், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி சென்னையின் ஒரு கிளப்பில் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டார். அன்றைய ஜெயலலிதா அரசு அதே ஆண்டு சட்டமே கொண்டுவந்தது. வேட்டி உள்ளிட்ட இந்தியப் பாரம்பரிய உடைக்காக யாரையும் பொது இடத்தில் தடுக்கக் கூடாது என்கிறது அது.

கப்பலில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. உடை விஷயத்தில் கறாரான நிறுவனம் என்று பெயரெடுத்த பிரிட்டனின் குனார்டு, அதன் 'காலா' இரவுகளில்கூட அந்தந்த நாட்டின் பாரம்பரிய விருந்து உடையை ஏற்றுக்கொள்கிறது. நார்வேஜியன் நிறுவனம் 2000-ம் ஆண்டு வாக்கிலேயே கட்டாய ஃபார்மல் இரவுகளைக் கைவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் நீச்சலுடையும் வெறுங்காலும் கூடாது என்பது மட்டும் ஏறக்குறைய எல்லாக் கப்பலிலும் உண்டு. மற்றபடி கப்பலுக்குக் கப்பல் விதி மாறும். டிக்கெட்டோடு வரும் குறிப்பை ஒருமுறை படித்துவிட்டால், மாமாவின் கருத்து தேவைப்படாது.

கோட்டைக்குப்பத்தில் இப்போது தறிச் சத்தத்தைத் தேட வேண்டாம். இருப்பது வலையும் படகும். ஏரியில் எந்த இடத்தில் யார், எப்போது வலை போடுவது என்பதைப் 'பாடு' என்ற பழைய முறையில் பிரித்துக்கொள்ளும் ஊர்களில் இதுவும் ஒன்று. பங்கு, 'தலைக்கட்டு' கணக்கில். அதாவது மணமான ஆண்களின் பெயரில். மீனை விற்றுக் காசாக்குவதில் பெண்கள் கைதான் ஓங்கியிருக்கும். பட்டியலில் அவர்கள் பெயர் வராது. ஏரியின் ஆழமில்லாத பகுதிகளில் வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள், ஓலையில் பின்னிய 'பறி'யை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நாள் முழுக்க நகர்வார்கள். சேலையை ஏற்றிச் செருகி, மேலே ஓர் ஆண் சட்டை. சேற்றில் காலைத் தடுக்காத உடை, அவ்வளவுதான் கணக்கு.

உடையைத் தண்ணீரோடு சேர்த்து யோசிக்க இந்த ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள், குடும்பம் குடும்பமாக. உயிர்காக்கும் ஜாக்கெட் இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. ஆகவே, கரையில் யாராவது "வாங்க, ஒரு ரவுண்டு போகலாம்" என்று கூப்பிட்டால் ஏறாதீர்கள். பூநாரைகளை, டிசம்பர், ஜனவரியில் கரையிலிருந்தே பார்க்கலாம்.

அது நடந்து 19 நாள் கழித்து, 2012 ஜனவரி 13-ம் தேதி இரவு இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதியது. பலர் டின்னர் மேசையில், விருந்து உடையில் இருந்த நேரம். 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்கான பாதுகாப்புப் பயிற்சி மறுநாள் என்று ஒத்திவைக்கப்பட்டிருந்தது. இப்போது உலக விதி மாறிவிட்டது. கப்பல் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். "சூட்கேஸ் அடுக்கணும்" என்று அதைத் தவிர்க்காதீர்கள். ஜாக்கெட்டை நீங்களே ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், கட்டியிருக்கும் சேலையின் மேலேயே.

சரி, எதை எடுத்துப்போவது? கனத்த காஞ்சிப் பட்டு வேண்டாம். உப்புக் காற்றும் மேல்தள ஈரமும் ஜரிகைக்கு ஆகாது. மெல்லிய பட்டுப்பருத்தியோ, நல்ல கட்டம் போட்ட கைத்தறியோ போதும். மடிப்புக்கு ஊக்கு இரண்டு கூடுதலாக. கரண்டைக்கு மேல் நிற்கும்படி கட்டினால் மாடிப்படியில் தடுக்காது. குதிகால் செருப்பு ஆடும் தரையில் ஆபத்து, தட்டையானதே நல்லது. சாப்பாட்டுக்கூடத்தில் ஏசி பல்லைக் கிட்ட வைக்கும். ஒரு சால்வை அவசியம். சுடிதார் வசதி என்றால் சுடிதார். மகள் கவுன்தான் போடுவேன் என்றால் போடட்டும், அதுவும் அவள் முடிவுதான். பாட்டியின் நூல் புடவைக்கும் எந்தச் சாப்பாட்டு மேசையிலும் இடமுண்டு.

கைப்பை மட்டும் பாக்கி. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் சாயமேற்றிப் பின்னும் பெட்டிகளுக்கு நல்ல பெயர் உண்டு. மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்றில் செல்போன், கேபின் சாவி அட்டை, வாந்தி மாத்திரை எல்லாம் அடங்கும். வாங்கும்போது மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள், இறுக்கமாக இருக்க வேண்டும். பேரம் பேசாதீர்கள்.